இடம் மாறிய பெயர்: ஹெர்மன் ஆமை வழக்கு

ஐரோப்பியத் தரை ஆமைகளைப் பற்றி 1975 வாக்கில் அச்சான ஒரு கையேடு கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘டெஸ்டுடோ ஹெர்மானி ஹெர்மானி’ என்று அதில் போட்டிருந்தால் கிரேக்கம், பல்கேரியா, அல்பேனியா பக்கத்து ஆமையைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 1995 வாக்கில் வந்த நூலில் அதே மூன்று சொற்கள் இருந்தால், அது பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் பக்கத்து ஆமை. நடுவில் எந்த ஆமையும் எங்கும் நகரவில்லை. பெயர் மட்டும் பால்கனிலிருந்து கிளம்பி மேற்கு மத்தியதரைக் கரைக்குப் போய்விட்டது.

வகைப்பாட்டில் பெயர் மாறுவது அன்றாடச் சங்கதி. புதுப் பெயர் வைத்தால், ‘இது என்ன புதுசாக?’ என்று படிப்பவர் நின்று விசாரிப்பார். இரண்டு பெயரை ஒன்றாக்கினால், பழைய பெயர் ஒத்தபெயர்ப் பட்டியலில், அதாவது ஒரே விலங்குக்கு வைத்த வேறு பெயர்களின் பட்டியலில், கிடக்கும், தேடினால் கிடைத்துவிடும். புழக்கத்தில் உள்ள ஒரு பெயர் சத்தமில்லாமல் வேறொரு விலங்கைக் குறிக்கத் தொடங்குவதுதான் ஆபத்து. படிப்பவருக்குச் சந்தேகமே வராது. ஹெர்மன் ஆமைக்கு நடந்தது அதுதான். ஐரோப்பிய ஆமைப் பெயர்களில் இதைவிடச் சூடான சண்டைகள் உண்டு, இதைவிட அதிகம் கெடுத்த மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் குழப்பம்

கதை 1758இல் தொடங்குகிறது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ், தன் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் ‘டெஸ்டுடோ கிரேக்கா’ என்று ஒரு தரை ஆமைக்குப் பெயர் வைத்தார். பெயர் கிரேக்கத்தைச் சொன்னாலும் அவர் குறித்த வாழிடம் ஆப்பிரிக்கா. பின்னாளில் அதன் வகையிடம், அதாவது பெயருக்கு ஆதாரமான விலங்கு வந்ததாகக் கொள்ளப்படும் இடம், அல்ஜீரியாவின் ஓரான் பகுதி என்று நிர்ணயிக்கப்பட்டது. தொடையில் முள் போன்ற புடைப்பு உள்ள ஆமை அது. அந்தச் சிற்றினத்தின் ஒரு பிரிவு வடக்குக் கிரேக்கத்திலும் இருக்கிறது என்பது வேறு விஷயம். லின்னேயஸின் ஆமை அங்கிருந்து வந்ததல்ல.

1789இல் லின்னேயஸின் நூலைப் பெருக்கி வெளியிட்ட க்மெலின், ‘டெஸ்டுடோ ஹெர்மானி’ என்ற பெயரைச் சேர்த்தார். ஸ்ட்ராஸ்பர்க் நகரப் பேராசிரியர் யோஹான் ஹெர்மனின் சேகரிப்பில் இருந்த ஒரு ஆமைதான் அதற்கு ஆதாரம். அது எந்த ஊரில் பிடித்தது என்ற தகவல் இல்லை. பிற்பாடு வந்த வம்பு முழுக்க இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது.

19ஆம் நூற்றாண்டில் இரண்டு பெயரும் தலைகீழாகப் புழங்கின. வாலில் நகம் உள்ள ஹெர்மன் ஆமையைத்தான் பலரும் ‘கிரேக்கா’ என்றார்கள். உண்மையான கிரேக்காவை, பல்லாஸ் 1814இல் வைத்த ‘இபெரா’ என்ற பெயரால் அழைத்தார்கள். 1889இல் வந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பட்டியலில் பூலஞ்சரும் அப்படித்தான் எழுதினார். அதனால்தான் அதே ஆண்டு மொய்சிசோவிச் ருமேனியாவின் ஓர்ஷோவாவிலிருந்து விவரித்த ‘போட்கெரி’யும், 1899இல் வெர்னர் விவரித்த ‘ஹெர்செகோவினென்சிஸ்’ஸும் முதலில் ‘கிரேக்கா’வின் வகைகளாகப் பதிவாயின. இரண்டுமே இன்று ஹெர்மன் ஆமைக் கணக்கில் வருபவை. அறிவியல் பெயர்கள் பின்னர் சரியாயின. ஜெர்மன் மொழி வழக்கில் மட்டும் ஹெர்மன் ஆமை இன்றும் ‘கிரேக்கத் தரை ஆமை’தான், கிரேக்கா அங்கே ‘மூர் தரை ஆமை’. ஜெர்மன் விற்பனை விளம்பரத்தை வைத்துச் சிற்றினத்தை ஊகிப்பவர் இன்றும் வழுக்கி விழலாம்.

1952

ஹெர்மன் ஆமையில் இரண்டு உருவங்கள் உண்டு என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஹைன்ஸ் வெர்முட். 1952இல் அவர் எழுதிய கட்டுரை மேற்கு மத்தியதரை ஆமைகளுக்கு ‘ராபர்ட்மெர்டென்சி’ என்று புதுத் துணையினப் பெயர், அதாவது சிற்றினத்துக்குள் வரும் கிளைப் பிரிவின் பெயர், தந்தது. பிராங்பர்ட்டின் சென்கன்பர்க் அருங்காட்சியகத்து ராபர்ட் மெர்டென்ஸைச் சிறப்பிக்கும் பெயர். கிழக்கு ஆமைகளே ‘ஹெர்மானி ஹெர்மானி’ ஆயின.

பிரித்தது சரி. பிற்பாடு மரபணு ஆய்வுகளும் கிழக்கு, மேற்கு என்ற பிளவை உறுதி செய்தன. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரு சிற்றினத்தைத் துணையினங்களாகப் பிரிக்கும்போது, சிற்றினப் பெயரையே இரட்டித்துச் சுமக்கும் துணையினம் எது என்பதை ஆய்வாளர் விருப்பப்படி தீர்மானிக்க முடியாது. மூலமாதிரி, அதாவது அந்தப் பெயர் முதன்முதலில் சூட்டப்பட்டபோது ஆதாரமாக இருந்த உடல், எந்தப் பிரிவைச் சேர்ந்ததோ அந்தப் பிரிவுக்குத்தான் அந்தப் பெயர். ஹெர்மனின் ஆமை கிழக்கத்தியதாக இருந்தால் வெர்முட்டின் ஏற்பாடு நிற்கும். மேற்கத்தியதாக இருந்தால் அடியோடு கவிழும்.

கவிழவில்லை, 35 ஆண்டுகள் நின்றது. அதற்குள் கையேடுகள், மிருகக்காட்சிசாலைப் பலகைகள், வளர்ப்பவர்களின் ஏடுகள் என்று எல்லாம் அந்த ஏற்பாட்டில் ஊறிவிட்டன.

ஸ்ட்ராஸ்பர்க் ஆமை

ஹெர்மனின் சேகரிப்பை அவர் இறந்த பிறகு 1804இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரம் வாங்கியது. இன்றைய விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு அதுவே மூலதனம். அந்த நகரம் 1871இலிருந்து 1944 வரைக்குள் ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் மாறி மாறிப் போனது. அத்தனைக்கும் நடுவில் 18ஆம் நூற்றாண்டு ஆமை ஓடு ஒன்று தொலையாமல் இருந்ததே பெரிய காரியம்.

பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ரோஜர் பூர், ஐரோப்பியத் தரை ஆமைகளின் மூலமாதிரிகளையும் வகையிடங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். 1987இல் முடிவை வெளியிட்டார்: க்மெலின் பெயரிட்ட ஆமை மேற்கத்திய உருவம். வகையிடமாகத் தென்கிழக்குப் பிரான்சின் வார் மாவட்டத்துக் கொலொப்ரியேர் என்ற ஊரைக் குறித்தார்.

அதோடு சீட்டுக்கட்டு சரிந்தது. மேற்கு ஆமை ‘ஹெர்மானி ஹெர்மானி’ ஆனது. அதற்கு ஏற்கெனவே 1789ஆம் ஆண்டுப் பெயர் இருப்பதால், 1952இன் ‘ராபர்ட்மெர்டென்சி’ வெறும் ஒத்தபெயராகச் சுருங்கியது. கிழக்கு ஆமைக்குப் பெயர் இல்லாமல் போனது. முன்னுரிமை விதிப்படி, கிழக்கு ஆமைக்கு வைக்கப்பட்டவற்றில் பழையதைத் தேடினால் 1889இன் ‘போட்கெரி’ கிடைத்தது. ‘ஹெர்செகோவினென்சிஸ்’ பத்து ஆண்டு இளையது என்பதால் ஒதுங்கியது. பிராங்பர்ட் ஊர்வன ஆய்வாளர் ஆஸ்கர் போட்கரின் பெயர், அவர் காலத்துக்கு வெகு பின்னால், ஐரோப்பாவின் மிகப் பரவலான தரை ஆமைகளில் ஒன்றுக்கு நிலைத்துவிட்டது.

இதைத் தடுத்திருக்க முடியுமா என்று கேட்கலாம். நிலைத்த வழக்கைக் காப்பாற்ற விதியைத் தளர்த்தும் அதிகாரம் சர்வதேச விலங்குப் பெயரிடல் ஆணையத்துக்கு உண்டு. ‘மூலமாதிரி எதுவாக இருந்தாலும் 35 ஆண்டுப் புழக்கத்தை மாற்ற வேண்டாம்’ என்று மனுப் போட ஒரு நியாயம் இருந்தது. ஆனால் மூலமாதிரி கையில் இருக்கிறது, அடையாளம் தெளிவாக இருக்கிறது, பழைய ஏற்பாடோ அதைப் பொருத்திப் பார்க்காமல் நின்றது. பூர் செய்தது சரி என்பதே என் கட்சி. வம்பு பெயரைத் திருத்தியதால் வந்ததில்லை. திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எழுதியவர்கள் பெயரை மட்டும் போட்டு ஊரைப் போடாமல் விட்டதால் வந்தது.

புரட்டிப் பார்த்தால்

கிழக்கு எது, மேற்கு எது என்று எப்படிச் சொல்வது? முதலில் இது ஹெர்மன் ஆமைதானா என்று பார்க்க வேண்டும். வால் நுனியில் நகம் போன்ற கொம்புச் செதில் இருக்கும். வாலுக்கு மேலுள்ள ஓட்டுத் தகடு பெரும்பாலும் இரண்டாகப் பிளந்திருக்கும். தொடையில் முள் இருக்காது. தொடையில் முள், பிளவில்லாத ஒற்றைத் தகடு, வாலில் நகமின்மை என்றால் அது கிரேக்கா. ஒற்றை அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. பின்தகடு பிளக்காத ஹெர்மன் ஆமையும் உண்டு, பிளந்த கிரேக்காவும் உண்டு.

அடுத்து ஆமையை மெதுவாகப் புரட்டி வயிற்றோட்டைப் பார்க்க வேண்டும். ஆறு ஜோடித் தகடுகள் இருக்கும்: தொண்டை, தோள், மார்பு, வயிறு, தொடை, குதம். இடது தகடும் வலது தகடும் நடுக்கோட்டில் சேரும் இடம் ஒரு பொருத்து. மார்புத் தகடுகளின் பொருத்து நீளத்தையும் தொடைத் தகடுகளின் பொருத்து நீளத்தையும் காலிப்பர் வைத்து அளந்தால், மேற்கு ஆமையில் மார்புப் பொருத்து குட்டையாக இருக்கும், தொடைப் பொருத்து நீளமாக இருக்கும். கிழக்கில் மார்புப் பொருத்து தொடைப் பொருத்துக்குச் சமமாகவோ அதைவிட நீளமாகவோ இருக்கும். மேற்கு ஆமையின் வயிற்றோட்டில் இரு கரும்பட்டைகள் முன்னிருந்து பின்வரை விட்டுப்போகாமல் ஓடும். கிழக்கு ஆமையில் அவை திட்டுத் திட்டாக உடைந்து மங்கலாகக் கிடக்கும். மேற்கில் பலவற்றுக்குக் கண்ணுக்குப் பின்கீழே ஒரு மஞ்சள் புள்ளி உண்டு. முதுகோட்டின் ஐந்தாம் நடுத்தகட்டில் சாவித்துளை வடிவக் கருங்குறியும் காணலாம். உருவத்திலும் மேற்கு ஆமை சிறியது. கிழக்கில், குறிப்பாகப் பல்கேரியாவில், 30 செ.மீ. தாண்டியவை உண்டு.

இத்தனை அடையாளத்திலும் எதுவும் நூற்றுக்கு நூறு பொருந்தாது. அதுவும் ஊர் தெரியாத வளர்ப்பு ஆமையில் இவற்றை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஸ்ட்ராஸ்பர்க் ஆமைக்கும் ஊர்த் தகவல் இல்லை. உடலே சாட்சியாக இருந்ததால்தான் அந்த வழக்கு தீர்ந்தது.

எங்கே அடித்தது

முதல் அடி நூல்களுக்கு. ‘ராபர்ட்மெர்டென்சி’ என்று எழுதியிருந்தால் கவலையில்லை, அது எப்போதும் மேற்குதான். ‘போட்கெரி’ என்றால் எப்போதும் கிழக்குதான். ‘ஹெர்மானி ஹெர்மானி’ மட்டுமே இரண்டு பொருள் கொண்டது. அதிலும் 1987க்கு அடுத்த சில ஆண்டுகள் மோசமானவை. சிலர் உடனே புது வழக்குக்கு மாறினார்கள், சிலர் கையில் பழகியதை விடவில்லை. அந்த இடைக்காலத்தில் வந்த கட்டுரையில் முட்டை எண்ணிக்கையோ அடைகாப்பு வெப்பமோ ஊர் குறிக்காமல் இருந்தால், அந்தத் தரவு எந்த ஆமையுடையது என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

கள ஆய்வு செய்தவர்கள் தப்பித்தார்கள். 1980களில் வடக்குக் கிரேக்கத்தின் அலிகி கடற்கரைப் புதர்க்காட்டிலும், பிரான்சின் வார் மாவட்டத்திலும் ஹெர்மன் ஆமைகளைக் குறியிட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். ஊர் பெயர் கட்டுரையிலேயே இருப்பதால் துணையினம் எதுவென்று யாரும் குழம்ப வேண்டியதில்லை.

வளர்ப்பவர்கள் பாடு வேறு. அவர்கள் பேச்சில் மேற்கு ஆமை ‘டி.எச்.எச்.’, கிழக்கு ஆமை ‘டி.எச்.பி.’. பழைய வழக்கில் ‘ஹெர்மானி ஹெர்மானி’ என்று சீட்டு எழுதி வாங்கிய பால்கன் ஆமை, புது வழக்கில் படித்தால் அரிய மேற்கு ஆமையாகத் தெரியும். மேற்கு ஆமை எண்ணிக்கையில் குறைவு, விலையும் கூடுதல். ஏமாற்ற நினைப்பவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்கூடப் பழைய சீட்டை நம்பி இரண்டையும் ஒரே தொட்டியில் இணைசேர விட்டிருக்கலாம்.

இது வெறும் பொழுதுபோக்குக்காரர் கவலையாக நிற்கவில்லை. மேற்கு ஆமை பிரான்சுப் பெருநிலத்தில் வார் மாவட்டத்தோடு ஒதுங்கிவிட்டது. அதைத் தவிர கோர்சிகா, சார்டினியா, சிசிலி, இத்தாலியத் தீபகற்பம், பலேரியத் தீவுகள், கட்டலோனியாவின் அல்பெரா மலை என்று துண்டு துண்டாக வாழ்கிறது. வாரிலும் காட்டுத்தீ ஓயாத தொல்லை. 2021 ஆகஸ்டில் கொன்பாரோன் அருகே பற்றிய தீ ஏறத்தாழ 7,000 ஹெக்டேரை விழுங்கியது, மூர் சமவெளி இயற்கைக் காப்பகத்தின் பெரும்பகுதியும் அதில் போனது. இப்படிப்பட்ட இடத்தில் வளர்ப்பில் பிறந்த குட்டிகளை விடுவதாக இருந்தால், அவற்றின் பெற்றோர் மேற்கா கிழக்கா என்பது உயிர்நாடியான கேள்வி. வீட்டுத் தோட்டங்களிலிருந்து தப்பிய, அல்லது வேண்டாமென்று விடப்பட்ட கிழக்கு ஆமைகள் மேற்கின் காட்டில் கலப்பது அங்குள்ள பாதுகாவலர்களின் நெடுநாள் தலைவலி. அதனால் இன்று மரபணுச் சோதனை செய்து பார்க்கிறார்கள். பழைய சீட்டை யாரும் நம்புவதில்லை.

சட்டத்தின் கண்ணில்

வேடிக்கை என்னவென்றால், இத்தனை அமளியிலும் சட்டத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. தரை ஆமைக் குடும்பம் முழுவதுமே, காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இணைப்புகளில் அடக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிக விதியில் கிரேக்கா, ஹெர்மானி, இவற்றின் உறவான மர்ஜினாட்டா மூன்றும் மிகக் கடுமையான ‘ஏ’ இணைப்பில் சிற்றின அளவில் உள்ளன. துணையினப் பெயர் இடம் மாறியதால் காப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்கு முன்பே, 1984இல், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூக நாடுகளுக்குள் இந்த ஆமைகளின் வணிக இறக்குமதி நின்றுவிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் மொராக்கோவிலிருந்தும் யுகோஸ்லாவியாவிலிருந்தும் பிரிட்டனுக்கு ஆமைகள் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தன.

சிற்றினப் பெயரிலோ, ‘டெஸ்டுடோ’ போல முதலில் வரும் பேரினப் பெயரிலோ கை வைத்தால்தான் சட்டம் தடுமாறும். ஹெர்மன் ஆமைக்கு அந்தச் சோதனையும் வந்தது. 2006இல் பிரான்சுத் தொல்லுயிரியலாளர் லப்பரான் டி புரோவாங், பூர், இன்னும் இருவர் சேர்ந்து அதை ‘யூரோடெஸ்டுடோ’ என்ற தனிப் பேரினத்துக்குக் கொண்டுபோனார்கள். மெர்ரெம் 1820இலேயே வைத்த ‘கெர்சினே’ அதற்குப் பொருந்துமே என்ற விவாதம் உடனே கிளம்பியது. 2007இல் ஜெர்மன் ஆமை ஆய்வாளர் உவே பிரிட்ஸும் பினிண்டா-எமண்ட்சும் மரபணு மரத்தை வரைந்து, ஹெர்மானி, மத்திய ஆசியாவின் ஹார்ஸ்பீல்டி இரண்டும் டெஸ்டுடோவுக்குள்ளேயே இருந்தால் ஒரு தவறும் இல்லை என்று காட்டினார்கள். தனிப் பேரினம் கூடாது என்று அந்த மரம் தடுக்கவில்லை, வேண்டும் என்று வற்புறுத்தவும் இல்லை. அப்படியானால் பழையதையே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் என்று பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. அதே ஆண்டு பிரிட்ஸும் ஹவாஷும் தொகுத்த உலக ஆமைப் பட்டியலைப் பின்னர் சைட்ஸ் தன் பெயர்களுக்கு ஆதாரமாக ஏற்றது. அதில் ஹெர்மன் ஆமை டெஸ்டுடோவாகவே நிற்கிறது.

நம் பக்கத்து நட்சத்திர ஆமையும் பிறந்தபோது டெஸ்டுடோதான், ஷோப் 1795இல் வைத்த பெயர் ‘டெஸ்டுடோ எலிகன்ஸ்’. அவரே கிரேக்கத்து மர்ஜினாட்டாவுக்கும் பெயர் வைத்தவர். ஒரு காலத்தில் அந்தப் பேரினம் உலகத்து ஆமைகளையெல்லாம் அடைத்த கோணிப்பை.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்

பெலொப்போனீஸ் தெற்கிலுள்ள குள்ள மர்ஜினாட்டாவுக்கு 1990களின் நடுவில் பூர் ‘வைசிங்கெரி’ என்று தனிச் சிற்றினப் பெயர் வைத்தார். மரபணு அதை ஆதரிக்கவில்லை, பெயர் மறைந்தது, யாருக்கும் நட்டமில்லை. கிரேக்காவின் கதை நீளமானது. 2007ஆம் ஆண்டு வாக்கில் அதற்குள் ஏறத்தாழ 20 துணையினங்கள் எண்ணப்பட்டன. ஓட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து வைத்தவை பல. ஒரே இடத்து ஆமையின் ஓடே உணவையும் வறட்சியையும் பொறுத்து மாறும் என்பதால், மரபணு வந்ததும் பட்டியல் இளைத்தது. நீர் ஆமையான எமிஸ் ஆர்பிகுலாரிஸில் 1990களில் துணையினப் பெயர்களை அள்ளி வைத்தவர் பிரிட்ஸ். கோர்சிகாவுக்கும் சார்டினியாவுக்கும் 1995இல் அவர் தந்த தனித்தனிப் பெயர்கள் இப்போது இத்தாலியப் பிரிவோடு கரைந்துவிட்டன. 2005இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் பிரித்த சிசிலியின் ‘எமிஸ் டிரினாக்ரிஸ்’ மட்டும் தனிச் சிற்றினமாக நிலைத்தது. இவற்றில் எதிலும் ஒரு பெயர் இன்னொரு விலங்குக்குத் தாவவில்லை. கூடின, குறைந்தன, அவ்வளவே. பழைய நூலைப் படிக்க ஒரு ஒத்தபெயர்ப் பட்டியல் போதும். ‘ஹெர்மானி ஹெர்மானி’க்கு அந்தப் பட்டியலும் உதவாது, நூலின் ஆண்டையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

இனி என்ன

கிழக்கு ஆமையைத் ‘டெஸ்டுடோ போட்கெரி’ என்று தனிச் சிற்றினமாக உயர்த்தும் குரல் 2002இலேயே எழுந்தது. பின்லாந்தின் யார்மோ பெரேலா, அட்ரியாட்டிக் கரையின் ‘ஹெர்செகோவினென்சிஸ்’ஸையும் சேர்த்து மூன்றாகப் பிரிக்கலாம் என்றார். அதற்கு அவர் காட்டிய முக்கியச் சான்று, தொடையிடுக்கின் சிறு தகடு அங்கே இல்லாமல் போவது. 2006இல் பிரிட்ஸ் குழு ஆமை வாழும் நாடுகள் நெடுக மாதிரிகள் எடுத்துப் பார்த்து, ஹெர்செகோவினென்சிஸ் தனியாக நிற்கவில்லை என்றும், கிழக்கு மேற்கு இரண்டையும் ஒரே சிற்றினத்தின் துணையினங்களாக வைத்தால் போதும் என்றும் முடித்தது. இப்போது பரவலாகப் பின்பற்றப்படுவது அதுவே.

ஒருநாள் போட்கெரி சிற்றினமாக உயர்ந்தால், 1987 போல எதுவும் கவிழாது. ஹெர்மானி மேற்கிலேயே இருக்கும், போட்கெரி கிழக்கிலேயே இருக்கும். துணையினம் குறிக்காமல் வெறுமனே ‘டெஸ்டுடோ ஹெர்மானி’ என்று எழுதிய கட்டுரைகளைத்தான் இரண்டாகப் பிரித்து அடுக்க வேண்டியிருக்கும். அலிகி என்றோ வார் என்றோ எழுதிவைத்தவர்களுடையது ஒரு மதியத்தில் முடிந்துவிடும் வேலை. ஊர் எழுதாத வளர்ப்பு ஏடுகள் இருக்கும் இடத்திலேயே கிடக்கும்.